ரவுட்டருக்கு வைத்த பொட்டு

போன ஆயுத பூஜையன்று எங்கள் நூற்பாலையின் அருப்புக்கோட்டை ஆபீசில் ரவுட்டர் செத்துப்போனது. கொன்றவர் எலக்ட்ரீஷியன் முருகேசண்ணன். பக்தியோடுதான் கொன்றார்.

மில் பந்தல்குடி ரோட்டில் இருக்கிறது, ஆபீஸ் டவுனில். முன்பு ஃபேக்ஸில் போன பில்லெல்லாம் இப்போது மில்லுக்கும் ஆபீசுக்கும் இடையே வாடகைக்கு எடுத்த லீஸ்டு லைனில் போகிறது. அந்த லைனின் எங்கள் முனையில் இருக்கும் பெட்டிதான் ரவுட்டர். பிரசவ விடுப்பு முடிந்து வந்த என்னிடம் மேனேஜர் அதை அரைமனதாக ஒப்படைத்திருந்தார்.

"முடியலேன்னா சொல்லிரும்மா. மதுரையில இருந்து ஆள் போட்டுக்கிறேன், நீ பழையபடி டைப்பிங் பாரு."

பூஜை நாளில் லைனில் வேலை இருக்காது என்று அன்றைக்கே புது மென்பொருளை ஏற்றத் தொடங்கினேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மில்லில் ஓடும் மோட்டாருக்குத்தான் பூஜை, இதற்கென்ன என்று நினைத்துவிட்டேன். பழையது அழிந்து, புதியது பாதி ஏறியபோது கரண்ட் போனது.

"என்னண்ணே பண்ணினீக?"

"ஏம்மா ஸ்டெல்லா, ஓடுற மிசினுக்கு எவனாச்சும் பொட்டு வைப்பானா? அதான் மெயின அமத்துனேன். இன்னைக்கு எல்லாத்துக்கும் ஓய்வு. ஒம் பொட்டிக்கும் சந்தனம் வச்சாச்சு."

கரண்ட் வந்தது. ரவுட்டர் எழவில்லை.

"விஜயதசமிக்கு மொத லோடு நாளைக்குக் காலையில போகணும். பில்லு லைன்லதான போவணும்? மதுரைக்குப் போன் போடவாம்மா?" என்றார் மேனேஜர்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

ரவுட்டரோடு நேரே பேச உதவும் கன்சோல் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினேன். திரையில் ஒற்றை வரி மின்னியது. பூட்லோடர்! பெட்டியை எழுப்பிவிடும் அந்தச் சின்ன நிரல் தனிச் சிப்பில் இருப்பது, அது சாகவில்லை. மேனுவலைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, எக்ஸ்மோடம் என்ற பழைய முறையில் கேபிள் வழியே மென்பொருள் கோப்பை அனுப்பினேன். நத்தை வேகம். நிறுத்தி வேகத்தைக் கூட்டவா, ஊர்வது ஊரட்டும் என்று விடவா? துணிந்து நிறுத்தினேன். ரவுட்டரில் வேகத்தைக் கூட்டியதும் திரை முழுக்கக் கிறுக்கல். கம்ப்யூட்டர் இன்னும் பழைய வேகத்திலேயே இருப்பது பிறகுதான் உறைத்தது. அதையும் மாற்றினேன். எழுத்து தெளிந்தது. மறுபடி அனுப்பத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் பிள்ளையோடு வந்து நின்றார்.

"பாலுக்கு ஒரே அழுகை. எந்திரிச்சு வா."

"நான் எந்திரிச்சா யாராச்சும் சுவிட்ச அமத்திருவாக அத்தை."

"எவன் அமத்துறான்னு பாக்கேன். நீ போ."

அத்தை சுவிட்சுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னறையில் பால் கொடுத்தேன். காது மட்டும் முன்னறையில் இருந்தது. அத்தையின் குரல் கேட்டது.

"ஏப்பா, சுவிட்சுப் பக்கம் கை போச்சு, ஒடிச்சுப்புடுவேன்!"

"சுண்டல் குடுக்க வந்தேன் பெரியம்மா!" என்றார் முருகேசண்ணன்.

"அப்ப இங்க வச்சுட்டு எட்டப் போ."

நான் திரும்பி வந்தபோது கோப்பு முழுதும் ஏறியிருந்தது. ரவுட்டர் எழுந்தது. லைன் அமைப்புகள் வேறு நினைவகத்தில் இருந்ததால் ஒன்றும் அழியவில்லை. மேனேஜர் ஒரு பில்லை அனுப்பிவிட்டு மில்லுக்குப் போன் போட்டார். "வந்துருச்சு சார்" என்ற குரல் எனக்கே கேட்டது.

"மதுரைக்காரன் வேண்டாம்மா" என்றார் மேனேஜர். "நீயே பாத்துக்க."

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மென்பொருள் ஏற்றுமுன் மேனுவலைப் பாருங்கள், காலண்டரையும் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றும் இருக்கிறது. பயத்தோடேயே செய்யலாம், சுவிட்சுப் பக்கத்தில் பயமில்லாத ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.