தாய்மாமனின் இடது புருவம்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் என் கணவருக்குத் தன் முகத்தின் மேல் அக்கறை வந்தது. ஜெயங்கொண்டத்தில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் லட்சணமாக இருக்க வேண்டாமா? சுத்தமாகச் சவரம் செய்ய, முகத்தைப் பெரிதாகக் காட்டும் வட்டக் கண்ணாடி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்குப் பார்சல் வந்ததும் அதை ஜன்னலில் சாய்த்துவைத்து, அறையின் மறுகோடியில் நின்று பார்த்தவர் கத்தினார்.

"ஏம்மா, டேமேஜ் பீஸை அனுப்பிட்டானுவ. என்னைத் தலைகீழாக் காட்டுது!"

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். "டேமேஜ் இல்லீங்க, இது குழியாடி. குவியத்துக்கு உள்ள வந்தாத்தான் நிமிர்ந்து பெருசாத் தெரிவீங்க. தள்ளிப் போனா தலைகீழாத்தான் காட்டும்" என்றேன்.

"வூட்டுலயுமா கிளாஸ் எடுப்ப?" என்றபடி கிட்டே போனார்.

"அரியலூர்ல சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்டின மாதிரியில்ல இருக்கு என் மூக்கு!"

மூக்கை ஒன்றும் செய்ய முடியாது. புருவத்தில் தெரிந்த நரைமுடிகள்தான் அகப்பட்டன. ஒவ்வொன்றும் கயிறு மாதிரி தெரிந்தால் மனுஷன் சும்மா இருப்பாரா? என் பிளக்கரை எடுத்துப் பிடுங்க ஆரம்பித்தார். ஒரு புருவமே கண்ணாடியை நிறைத்துக்கொண்டிருந்ததால், இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. காபியோடு நான் போனபோது இடது புருவத்தில் பாதியைக் காணோம்.

"சிரிக்காத. திரும்ப முளைக்குமா?"

"முளைக்கும். நாளன்னிக்குக் கல்யாணத்துக்குள்ள முளைக்காது."

கல்யாணத்தன்று காலையில் மை பென்சிலால் மீதிப் பாதியை நானே வரைந்துவிட்டேன். மண்டபத்துக்குள் ராஜநடை போட்டார். ஹோமத்தின் பக்கத்தில் நின்று சீர் கொடுத்துவிட்டு, வியர்க்கிறதே என்று துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். அவர் தங்கை பதறிப்போனாள்.

"என்னண்ணே, ஒரு பக்கம் புருவத்தைக் காணோம்?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஹோம நெருப்புல பொசுங்கிடுச்சும்மா" என்றார், கூசாமல்.

அவள் சமையல்கட்டுக்கு ஓடி வெண்ணெய் எடுத்துவந்து தடவினாள். ஒட்டியிருந்த மை விரலோடு வந்தது. "பாருங்க அண்ணி, கரி எப்படி வருதுன்னு!" என்று கண் கலங்கினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அதன்பின் அவருக்கு ஏசி அறை, தனிப் பந்தி, இரண்டு முறை பாயசம்.

போட்டோ எடுக்கும்போது மட்டும் இடது பக்கத்தை மறைக்க, அதே பக்கம் நின்ற என்னை நோக்கித் திரும்பியே நின்றார். ஆல்பம் வந்ததிலிருந்து என் நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "இந்த வயசுலயும் அண்ணி மேலேருந்து எங்க அண்ணன் கண்ணை எடுக்கல பாருங்க."

நான் மறுக்கவில்லை. அவரும்தான்.