சீனப் பாட்டுக்கு அர்த்தம்

குஞ்சு, உன்ர சீனப் பாட்டுக்காரி திரும்பவும் ஊர் ஊராப் பாடப் போறாளாம்.

இண்டைக்கு வெள்ளவத்தையில பஸ் ஏறினன். முன் சீற்றில ரெண்டு பிள்ளையள் போனில அவளின்ர படத்தைப் பாத்துக் கதைச்சுக்கொண்டு வந்தினம்.

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகு வந்து என்ன? சீனப் பாட்டெல்லாம் இப்ப ஒரே மாதிரி. எல்லாரும் கொரியாப் பாட்டுப் பக்கம் போயிட்டினம்" எண்டாள் ஒருத்தி.

எனக்குப் பொறுக்கேல்லை. "அப்பிடிச் சொல்லாதேங்கோ பிள்ளை" எண்டு அவளின்ர பாட்டில ரெண்டு வரி பாடியே காட்டினன். பஸ்ஸே திரும்பிப் பாத்தது.

"அன்ரி, உங்களுக்குச் சீனம் தெரியுமோ?"

"எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். மகள் இந்தப் பாட்டைக் கொப்பியில தமிழ் எழுத்தில எழுதித் தந்தவள். சமைக்கேக்க ரெண்டு பேரும் பாடுவம். போன வருசம் அவள் செத்துப்போனாள்."

மற்றவள் மெதுவாக் கேட்டாள், "அர்த்தம் போனில பாத்துச் சொல்லட்டோ, அன்ரி?"

வேண்டாம் எண்டிட்டன். "பாட்டுக்காரி திரும்ப மேடையேறுற அண்டைக்கு அர்த்தம் சொல்லுறன் அம்மா" எண்டு நீதானே சொன்னனீ.

இந்தப் போஸ்டைப் படிக்கிறவை ஆரும் கீழ கமெண்டில அர்த்தத்தைப் போட்டிடாதேங்கோ.

அவள் மேடையேறப் போறாள், குஞ்சு. அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?