ஆர்கன்சாவுக்குக் கீழே தெரியும் கை

என் தங்கை கயல் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கவுன்டரில் நின்று புடவை விரித்துக் காட்டும் வேலை இல்லை. ஐந்தாவது மாடியில் சரக்கு அறைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆன்லைனில் புடவை வாங்குகிறவர்கள் பார்க்கும் படங்களை அங்கே உட்கார்ந்து சரிசெய்தாள்.

நாங்கள் அடையாற்றங்கரையில் பிறந்தவர்கள். வீடுகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பியபோது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பழைய பள்ளிக்கூடத்தை விடமாட்டேன் என்று இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். கூடப் போக யாரும் இல்லை. அவள் பேச்சு குறைந்தது அப்போதுதான். பன்னிரண்டாவது முடித்ததும் தேனாம்பேட்டையில் ஒரு பேனர் கடையில் சேர்ந்து, காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகங்களை வெட்டி ஒட்டியே போட்டோஷாப் கற்றுக்கொண்டாள். பிறகு தி.நகர் கடை. மேற்கு மாம்பலத்தில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில்.

நான் வீட்டில் புடவைக்கு, கீழ்க்கரையின் உள்பக்கம் வைக்கும் பட்டியான ஃபால்ஸ் தைக்கிறேன். துணி வாங்கவும் கொடுக்கவும் செவ்வாய்க்கிழமை மாம்பலம் வருவேன். அன்று அவளுக்கு விடுமுறை. வாரத்தில் அவள் வாய்விட்டுப் பேசுவது என்னிடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இன்னொரு ஆளும் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. கடைக்குப் போட்டோ எடுக்கும் ஜவஹர். எந்நேரமும் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். டீ வாங்கப் போனால் அவளுக்கும் சேர்த்து வாங்கி வருவார். “ஜவஹர் அண்ணன் நேத்து இன்னா சொல்ச்சு தெரியுமாக்கா” என்றுதான் அவள் பாதிப் பேச்சு தொடங்கும்.

கடையில் அவளுக்கு தினக்கூலிதான். தீபாவளிக்கு வந்த ஆர்கன்சா புடவைகளின் படம் நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சக்திவேல் அண்ணாச்சி சொல்லியிருந்தார். அமையாவிட்டால் விடுதியைக் காலி செய்துவிட்டு எங்களிடம் திரும்பி வரவேண்டியதுதான்.

ஆர்கன்சா மெல்லிய துணி. அடியில் இருப்பது தெரியும். சரக்கு தாமதமாக வந்ததால் மாடல் பெண் ஒரே ஒரு புடவையைக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவற்றை ஜவஹர் விரித்துவைத்து எடுத்தார். அந்தத் துணிகளை அதே பெண்ணின் மேல் கயல் கம்ப்யூட்டரிலேயே கட்டிவிட வேண்டும். முதலில் புடவைப் படத்தை அந்தப் பெண்ணின் படத்துக்கு மேல் ஒரு லேயராக, அதாவது தனி அடுக்காக வைத்து, முழுவதையும் பாதி மங்கலாக்கினாள். அண்ணாச்சி வந்து பார்த்தார்.

“என்னம்மா இது, ஜரிகையெல்லாம் செத்துல்லா கெடக்கு?”

“துணி மெலிசா தெரியணும்னீங்களே அண்ணாச்சி.”

“துணியத்தான சொன்னேன், ஜரிகையவா சொன்னேன்? வயித்துப் பக்கம் வேற அப்படியே தெரியுது. நம்ம கடைப் படத்தக் குடும்பத்தோட பாப்பாக. அங்க ஒண்ணும் தெரியக்கூடாது, பாத்துக்க.”

அவர் இறங்கிப் போனதும் ஜவஹர் சொன்னாராம்: “துணில உள்ள இருக்கறது தெரியணும், ஆனா தெரியக்கூடாது. இவரு புடவ விக்கிறாரா கதவு விக்கிறாரா கயலு?”

அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த ஆர்கன்சாவில் ஒரு புடவையை விடுதிக்கே கொண்டுவந்திருந்தாள். “கைய நீட்டுக்கா” என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் என் கையின் மேல் முந்தானையைப் போட்டாள்.

“இன்னா தெரிது?”

“வளையலு தெரிது. நரம்பு கூட தெரிது.”

இரண்டாக மடித்துப் போட்டாள். “இப்போ?”

“வளையலு மங்கலா கீது. நரம்பு இல்ல.”

மூன்றாக மடித்தாள். கையே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

பிறகு செய்ததை அவள் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். லேயர் மாஸ்க் என்பது புடவைப் படத்துக்கென்று வைக்கும் ஒரு மறைப்பு. அதில் வெள்ளை பூசிய இடத்தில் புடவை முழுதாகத் தெரியும். கறுப்பு பூசினால் புடவை மறைந்து அடியில் உள்ளது தெரியும். சாம்பல் பூசினால் இரண்டும் கலந்து தெரியும். எதையும் அழிப்பதில்லை, தவறாகப் போனால் நிறத்தை மாற்றிப் பூசினால் போதும். ஜரிகைக்கும் கரைக்கும் வெள்ளை. ஒற்றைத் துணிக்கு அடர்ந்த சாம்பல். இரண்டு மடிப்புக்கு வெளிர் சாம்பல். வயிற்றுக்குக் குறுக்கே முந்தானை மூன்று மடிப்பாக விழும்படி வைத்து அங்கே வெள்ளை பூசினாள். அதோடும் விடவில்லை. துணியை நெருங்கி எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அதையும் மாஸ்க்குக்குள் வைத்தாள். இழை வெள்ளையாக விழுந்து துணியைக் காட்டியது; இழைகளுக்கு நடுவே இருந்த சந்து வழியாகத் தோல் தெரிந்தது. நானே தைக்கிறவள். தொட்டால் சரசரக்கும் என்று தோன்றியது.

அண்ணாச்சி அசல் புடவையைக் கொண்டுவரச் சொன்னார். தன் கையை அதற்குள் விட்டு, திரைக்குப் பக்கத்தில் வைத்து, விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்தார்.

“சரியா இருக்கு. கணக்கப்பிள்ளைட்ட சொல்லி ஒன்னய மாசச் சம்பளத்துல போடச் சொல்லுதேன்.” கிளம்பியவர் திரும்பிக் கேட்டார்: “ஏம்மா, இந்த ஒரு பிள்ளை படமே போதுமா, இனி வார புடவைக்கெல்லாம்?”

கயல் சந்தோஷத்தில் இருந்தாள். “தாராளமா போதும் அண்ணாச்சி” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள். அந்தப் படங்களைப் போனில் திறந்து எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் காட்டினேன். எல்லோரும் புடவையைப் பார்த்தார்கள். நான் முந்தானைக்குக் கீழே தெரியும் கையைக் காட்டி, “இத எந்தங்கச்சி செஞ்சா” என்றேன்.

அடுத்த மாதம் மாடல் பெண்ணை யாரும் கூப்பிடவில்லை. துணியை விரித்துவைத்துப் படமெடுக்கக் கயலின் போனே போதுமானதாக இருந்தது. ஜவஹர் லைட்டுகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே, “என்னிய மொத்தமா கறுப்புல அடிச்சிட்டியே கயலு” என்றார். வழக்கம்போல் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “கல்யாண சீசன் கீது, நான் பொழச்சிப்பேன். நீ டீ குடிக்க மறந்துடாத.” பிறகு ஒரு நாள் கயல் அவருக்குப் போன் செய்தாள். மண்டபத்தில் மேளச் சத்தம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

ஆன்லைன் சரக்கெல்லாம் கிண்டி குடோனிலிருந்து போவதால் அவள் கம்ப்யூட்டரையும் அங்கே மாற்றிவிட்டார்கள். பார்சல் கட்டுகிறவர்கள் கீழே இருக்கிறார்கள். மேலே அவள் மட்டும். தினமும் அதே பெண்ணுக்குப் புதுப் புடவை கட்டுகிறாள். அந்தப் பெண்ணின் முழங்கை மச்சம்கூட அவளுக்குத் தெரியும். பெயர் தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் போன் வரும்.

“இன்னாக்கா பண்ற?”

“ஃபால்ஸ் தைக்கிறேன். நீ?”

“வேலதான். போன வெக்காத, அப்படியே இருக்கட்டும்.”

அதற்குமேல் பேசமாட்டாள். மவுஸின் டிக் டிக் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மட்டும் வரும். ஃபால்ஸில் கீழ்விளிம்பை மிஷினிலும் மேல்விளிம்பைக் கையாலும் தைப்பேன். மிஷின் ஓடினால் அவள் பக்கத்துச் சத்தம் கேட்காது. அதனால் கைத்தையலை எல்லாம் இப்போது மதியத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.