குலுக்கல் பெட்டிக்குள் நின்ற கை

சின்ன அத்தை நான்கு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார்; முப்பத்திரண்டில் அதே அச்சகத்தைத் தவணையில் வாங்கினார். கணவர் அங்கே வெட்டும் இயந்திரத்தில் இருந்தவர். ஒரே மகள். அத்தைக்கு உயரம் குறைவு; குரல் அப்படியல்ல. இவை குடும்பத்தார் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்திகள். அவர் பிழைக்கத் தெரியாதவர் என்று பெரிய மாமா சொல்லிவந்தது செய்தியில் சேராது, அது கருத்து. கீழே வருவதைப் படித்த பின் அந்தக் கருத்தை வைத்துக்கொள்வதும் விடுவதும் படிப்பவர் விருப்பம்.

அச்சகத்துக்கு நேர் எதிரே அரசுப் பள்ளி. ஊரின் இரண்டு கட்சிகளுக்கும் சுவரொட்டி அத்தையிடம்தான் அச்சாயிற்று. காலையில் ஒரு கட்சிக்காரர் மற்றதைக் கிழிகிழியென்று கிழிக்கும் வாசகத்தோடு வருவார். மாலையில் மற்றவர் அதைவிடக் காரமான ஒன்றோடு வருவார். அத்தை இரண்டிலும் எழுத்துப் பிழையைத் திருத்தி, சொன்ன நேரத்தில் கொடுத்துவிடுவார். ஒருவர் வாசகம் மற்றவர் காதுக்கு அவர் வாய்வழியாக ஒருநாளும் போனதில்லை.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டிய ஆண்டில் பள்ளியில் சண்டை மூண்டது. இடம் கேட்டவர் இருந்த இடத்தைப் போல் மூன்று மடங்கு. அதற்கு முந்தைய ஆண்டு, வட்டத்து உறுப்பினரின் சிபாரிசுக் கடிதத்தோடு வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. கடிதமில்லாதவர்கள் கையைப் பிசைந்துகொண்டு திரும்பியிருந்தார்கள். ஆகவே பெற்றோர் கூட்டத்தில் ஆளும் கட்சிக்கு வேண்டியவர்கள் சன்னல் பக்கமும் எதிர்க்கட்சிக்கு வேண்டியவர்கள் கதவுப் பக்கமுமாக, பெண் வீடு பிள்ளை வீடு போல் பிரிந்து உட்கார்ந்தார்கள். சன்னல் பக்கத்துக்கு மருந்துக்கடைக்காரர் தலைமை. கதவுப் பக்கத்துக்கு வங்கியில் பணம் எண்ணும் காசாளர் அம்மாள்.

"பாலம் கட்டினது யாருன்னு பரீட்சையில கேள்வி. தலைவர் பேரை எழுதினாத்தான் மார்க்காம்! இது பாடமா, பிரச்சாரமா?" என்றார் காசாளர் அம்மாள்.

"கட்டினவர் பேரை எழுதாம, உங்க மாமனார் பேரையா எழுதறது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் மாமனார் வரி கட்டியிருக்காருங்க. அவர் பேரை எழுதினாலும் தப்பில்லை!"

பின்வரிசையிலிருந்து அத்தை எழுந்தார். "பாலத்தைக் கட்டினது கொத்தனாரு. ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க. நாற்காலி பள்ளிக்கூடத்துச் சொத்து, மேல ஏறி நிக்காதீங்க."

கூடம் சிரித்து அடங்கியது. 'மக்கள் வரிப்பணம்' என்று எழுதிய பிள்ளைகளுக்கும் மதிப்பெண் உண்டு என்று தலைமையாசிரியை அங்கேயே அறிவித்தார். சேர்க்கையைக் குலுக்கலில் விடலாம் என்பதற்கும் இரு பக்கமும் இசைந்தன. ஆனால் சீட்டு எடுப்பது யார்? சன்னல் பக்கம் சொன்ன பெயரைக் கதவுப் பக்கம் தள்ளியது. கதவுப் பக்கம் சொன்னதைச் சன்னல் பக்கம் தள்ளியது. கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார்: "அச்சகத்து அக்கா எடுக்கட்டும். நம்ம ரெண்டு பேர் அழுக்கும் அவங்களுக்குத் தெரியும். ஒண்ணும் வெளிய வந்ததில்லை."

"அவங்க பொண்ணும் மனு போட்டிருக்கே?" என்று ஒருவர் இழுத்தார்.

"கண்ணைக் கட்டிட்டுத்தானே எடுக்கப்போறாங்க? கைக்கு என்ன கண்ணா இருக்கு?" என்றார் காசாளர் அம்மாள்.

சீட்டுகளை அச்சடிக்கும் வேலையும் அத்தை தலையிலேயே விழுந்தது. தேர்தல் நெருக்கத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை; மகளின் மனுவையே கடைசி நாளில்தான் கொடுத்திருந்தார். முதலில் வந்த மனுக்களுக்கான எண்களை அவரே மெல்லிய தாளில் அச்சடித்தார். கடைசி நாளில் வந்தவற்றைக் கணவரிடம் விட்டார். மகளின் எண் அந்தக் கடைசிக் கட்டில் இருந்தது.

குலுக்கல் நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. மகள் முன்வரிசையில் இருந்தாள். பெரியப்பா மகளின் பழைய சீருடை அவளுக்காக ஏற்கெனவே இடுப்புப் பிடித்துத் தைத்தாகிவிட்டது. இங்கே இடம் கிடைக்காவிட்டால் இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்துப் பள்ளிதான். கட்டணப் பள்ளிக்கு வழியில்லை. தலைமையாசிரியை அத்தையின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டினார். முதல் சில சீட்டுகள் வந்தன. சில வீடுகள் ஆரவாரித்தன.

அடுத்த முறை உள்ளே போன கை வெளியே வரவில்லை.

விரலில் பட்டது தாள் அல்ல, அட்டை. மற்றவர்க்கு அந்த வேறுபாடு பிடிபட்டிருக்காது. வாழ்நாளெல்லாம் தாளைத் தடவியே எடை சொன்ன விரலுக்கு அது உப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள வேறுபாடு. அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாள் தீர்ந்திருக்கும், கணவர் மிச்ச அட்டையில் அடித்திருப்பார். அட்டை என்றால் கடைசி நாள் மனு. அந்தச் சிலவற்றுள் ஒன்று தம் மகள். அட்டையாகப் பார்த்து எடுத்தால் மற்றவர்க்குத் துரோகம். அட்டையை விலக்கி எடுத்தால் கடைசி நாளில் வந்தவர்க்குத் துரோகம். பொத்தாம்பொதுவாக எடுக்கலாமென்றால், அறிந்துகொண்ட கைக்கு அறியாமை திரும்பி வருவதில்லை.

அவர் வெறுங்கையை வெளியே எடுத்தார், கைக்குட்டையை அவிழ்த்தார். கணவரைப் பார்த்தார். கணவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது செல்லாது. சீட்டு ரெண்டு விதமா இருக்கு. எது கடைசி நாள் சீட்டுன்னு எனக்குக் கையிலயே தெரியுது. என் பொண்ணு அதுலதான் இருக்கா. தப்பு எங்க அச்சகத்துது."

"அட்டை எங்கிருந்து வந்துச்சு?" என்றார் காசாளர் அம்மாள்.

கணவர் எழுந்து மருந்துக்கடைக்காரரைக் காட்டினார். "மாநாட்டு அழைப்பிதழ் மிச்சங்க... இவரு கட்சியோடது. ஓரமெல்லாம் வீணாப் போகுதேன்னு..."

கதவுப் பக்கம் குமுறியது. "பாத்தீங்களா! கடைசியில சீட்டுக்கூட அவங்க கட்சிச் சீட்டு!"

"வெள்ளை அட்டைக்கு ஏதும்மா கட்சி?" என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார். பிறகு அத்தையின் பக்கம் குனிந்து, "அக்கா, யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. பேசாம எடுத்திருக்கலாமே" என்றார்.

"என் கைக்குத் தெரிஞ்சுபோச்சே, தம்பி" என்றார் அத்தை. "எல்லாரும் எந்திரிங்க. சாலையைத் தாண்டினா அச்சகம். உங்க கண்ணு முன்னாலயே திரும்ப அடிக்கிறேன்."

கூட்டம் முழுவதும் சாலையைக் கடந்தது. ஏற்கெனவே எடுத்தவை உட்பட எல்லா எண்களும் ஒரே கட்டுத் தாளிலிருந்து அச்சாயின. கணவர் தலை நிமிராமல் வெட்டினார். மருந்துக்கடைக்காரர் ஓரங்களைச் சரிபார்த்தார். காசாளர் அம்மாள் விரலை நனைத்துக்கொண்டு எண்ணினார். சீட்டெடுக்க அத்தை மறுத்துவிட்டார். பகையாளிகள் இருவரும் மாறிமாறி எடுத்தார்கள். அத்தை எண்களை உரக்க வாசித்தார். கடைசி எண் வரைக்கும் அவர் குரல் பிசகவில்லை. மகளின் எண் வரவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் கை இருக்கு. உன் கை மட்டும் ஏம்மா இப்படி?" என்று கேட்டுவிட்டு மகள் சாப்பிடாமல் படுத்தாள்.  தைத்த சீருடையை அத்தை மடித்துப் பெரியப்பா வீட்டுக்கே அனுப்பினார்.

தூரத்துப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒருநாள், இரண்டாவது பேருந்தில் மகள் நின்றுகொண்டு வந்தாள். காசாளர் அம்மாள் பக்கத்து இருக்கைக்காரியிடம், "கைக்குத் தெரியுதுன்னு குலுக்கலையே நிறுத்தினாங்களே ஒரு அம்மா, அவங்க பொண்ணு இதுதான்" என்றார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தம் இடத்தைக் கொடுத்தார். நேரே அச்சகத்துக்கு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல கிடைக்காத இடம் பஸ்ல கிடைச்சுதும்மா. உன்னாலதான்."

அந்த நேரம் அத்தை இயந்திரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பானது என்று கணவர் பிற்பாடு பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மறு ஆண்டு முதல் குலுக்கல் அச்சகத்திலேயே நடந்தது. ஆளும் கட்சி மாறியது; பெற்றோர் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் கதவுப் பக்கமும் காசாளர் அம்மாள் சன்னல் பக்கமும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நடத்துபவரை மாற்றும்படி இரு பக்கத்திலும் எவரும் கேட்கவில்லை.

அத்தை அதை நடத்தியது பதினேழு ஆண்டுகள்.