உடையப்பன் காட்டிய புது அறை

புதுக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லாட்ஜில், வருகிறவர்களுக்கு அறை காட்டும் வேலை உடையப்பனுக்கு. முதலாளிக்குத் தஞ்சாவூரிலும் காரைக்குடியிலும் அதே பேரில் லாட்ஜுகள் இருந்தன. கோர்ட்டுக்கு வருகிறவர்கள், சரக்கு எடுக்க வருகிறவர்கள் என்று நடுத்தர வசதிக்காரர்கள்தான் வாடிக்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் முதலாளி மாடியைப் புதுப்பித்தார். பெரிய அறை ஒவ்வொன்றையும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். மொசைக் தரை, மின்விசிறி, பச்சை பெயிண்ட், ஆளுயரக் கண்ணாடி எல்லாம் வந்தன. ஜன்னல் மட்டும் தெருப்பக்கத்துப் பாதியோடு போய்விட்டது. உள்பக்கத்து அறைக்குக் கதவு வழியாகத்தான் காற்று. கீழே பழைய அறைகள் அப்படியே இருந்தன. சுண்ணாம்புச் சுவர், கொல்லையைப் பார்த்த பெரிய ஜன்னல், வேப்பமரக் காற்று.

வாடகை கூடியதால் மாடிக்கு ஆள் ஏறவில்லை. மேனேஜர் ரத்தினவேல் ஒரு வழி சொன்னார். கீழே பழைய அறையைக் கூட்டிப் பெருக்காமல், ஜன்னலைச் சாத்திவைத்து முதலில் காட்ட வேண்டும். பிறகு மாடிக்கு அழைத்துப்போய் விசிறியைச் சுழலவிட வேண்டும். உடையப்பனுக்குக் கூசியது. ஆனால் வீட்டில் மனைவி காத்தாயியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். சீக்கிரமே அதில் தேறிவிட்டான். கீழே கதவைத் திறக்கும்போதே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வான்.

அப்துல் மஜீது மணமேல்குடிக் கருவாட்டு வியாபாரி, இளைப்பு நோய்க்காரர். எப்போது வந்தாலும் கீழே மூலை அறையில்தான் தங்குவார். உடையப்பனின் நடுப்பெண் காய்ச்சலில் கிடந்தபோது தாம் வாடகைக்குப் பேசியிருந்த ஜட்கா வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அந்தச் சித்திரையில் வந்து வழக்கமான அறையைக் கேட்டார். மேனேஜர் உடையப்பனைப் பார்த்தார்.

“கீழ ரூமெல்லாம் ஓதம் ஏறிக் கெடக்கு பாய். ஒங்க இளைப்புக்கு ஆகாது. மாடிக்கு வாங்க, பேன் இருக்கு” என்றான் உடையப்பன்.

“நீ சொன்னா சரிதான்” என்று அவர் படியேறினார். கிடைத்தது உள்பக்கத்து அறை.

மதியம் கரண்ட் நின்றது. பெயிண்ட் வாடையிலும் புழுக்கத்திலும் மூச்சு முட்டி, கதவருகே சரிந்து கிடந்தவரை உடையப்பன்தான் பார்த்தான். தூக்கிக்கொண்டு இறங்கி மூலை அறையில் கிடத்தி ஜன்னலைத் திறந்தான். காற்று வந்தது. மெல்ல மூச்சு திரும்பியதும் மஜீது பக்கத்துச் சுவரைத் தடவினார். காய்ந்த சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. ஓதம் எங்கேயும் இல்லை.

“புது ரூமுக்கு ஆள் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த வாடகையக் குடுத்துட்டு நான் இங்கினயே படுத்திருப்பேனே, உடையப்பா.”

வேலையை விடப்போவதாக அன்று இரவு உடையப்பன் காத்தாயியிடம் சொன்னான். “விட்டுப்புட்டு?” என்று மட்டும் அவள் கேட்டாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போனான்.

மஜீது அந்த லாட்ஜுக்கு மறுபடி வரவில்லை. ஒருமுறை பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டபோது உடையப்பன் கும்பிட்டான். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

மாடி நிரம்பியதைக் கண்ட முதலாளி, மறுவருஷம் தஞ்சாவூர் லாட்ஜையும் புதுப்பித்தார். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அறை காட்டப் பழக்கிவிட உடையப்பனையே அனுப்பினார். சம்பளமும் கூடியது. அவன் போய், சொல்லவேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தான். இளைப்புக்காரர்கள் வந்தால் கீழேயே விட்டுவிடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தான். மேனேஜரைக் கேட்டுக்கொள்வதாக அவர்கள் சொன்னார்கள்.