விழப்போகிறவர்களின் கணக்கு

ஒவ்வொரு மே மாதமும், ஓட்டப் பந்தயத்துக்கு முந்தின வாரம், இல்போ தன் அக்காவுக்குப் போன் போடுவான். நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், "சொல்லு ஹெல்யா, இந்த வருஷம் எத்தனை பேரைக் கீழ தள்ளப் போற?" என்பான்.

"நான் எங்கடா தள்றேன்? அவங்களா விழறாங்க. நான் எண்றேன், அவ்வளவுதான்."

"விழறதுக்கு முன்னாடியே எண்றவளுக்கு அந்தக் காலத்துல என்ன பேரு தெரியுமா? சூனியக்காரி. உசிரோட கொளுத்தியிருப்பாங்க."

தம்பெரே நகரத்தின் ஆம்புலன்ஸ் மையத்தில் ஹெல்யா கிவெலாவுக்கு வேலை. உதவி கேட்டு வருகிற அழைப்புகள் தாறுமாறாக வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நெஞ்சுவலி கூடும். வெள்ளிக்கிழமை மாலை குடித்துவிட்டு விழுந்தவர்கள். தெரு முதன்முதலாக உறைந்த அன்று வயதானவர்களின் இடுப்பெலும்பு. ஜூன் கடைசியில், ஊரே ஏரிக்கரையில் தீ மூட்டிக் குடிக்கிற அந்த இரவுக்கு மறுநாள், படகிலிருந்து விழுந்தவர்கள். பல வருஷத்து அழைப்புகளை மணிவாரியாக ஒரே கோடாக இழுத்து, அந்தக் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே தணிகிறது, நேற்றைய ஏற்றம் இன்றைக்கு எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்று பார்த்து, அடுத்த வாரம் எந்த மூலையில் எத்தனை வண்டி நிற்க வேண்டும் என்று சொல்லுவாள். முக்கால்வாசி சரியாக இருக்கும்.

'இரண்டு ஏரி ஓட்டம்' முதலில் சின்னதாகத்தான் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் சில நூறு பேர் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிவிட்டு, கறுப்பு சாசேஜைப் பழக்கூழில் தொட்டுத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிறகு நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் ஓடினால் பத்துப் பேராவது மயங்கி விழுவார்கள். எங்கே முதலுதவிக் கூடாரம் போடுவது, எத்தனை கட்டில், எத்தனை வண்டி என்று தெரியாமல் பொறுப்பாளர் தபானி திண்டாடியபோது, யாரோ ஹெல்யாவைக் கைகாட்டினார்கள்.

அவள் பழைய வருஷங்களை எல்லாம் தோண்டி எடுத்தாள். வெப்பம், காற்று, மேடு, எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அந்த வருஷம் அவள் சொன்னதற்கும் நடந்ததற்கும் மூன்று பேர்தான் வித்தியாசம். அடுத்த வருஷம் வித்தியாசமே இல்லை. மருத்துவக் குழுவின் தலைவி ரீத்வா, விழுந்தவர்களின் எண்ணிக்கையை கிரீமில் எழுதி ஒரு கேக்கே கொண்டுவந்துவிட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே வெட்டித் தின்றார்கள். ஹெல்யாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விவாகரத்துக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தவன் தம்பி ஒருவன்தான். ஆறு வயது இளையவன். டிராம் ஓட்டினான்; வருஷம் தவறாமல் பந்தயத்திலும் ஓடினான். மணியடித்து மணியடித்து, வீட்டிலும் ஆட்களை அப்படியே கூப்பிடுகிறான் என்று அவன் மனைவி மார்கெத்தா கேலி செய்வாள். சனிக்கிழமைகளில் மூவரும் அவன் வீட்டு சௌனாவில், அந்தச் சின்ன நீராவி அறையில், வியர்க்க உட்கார்ந்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் பீர் குடிப்பார்கள்.

பிறகு ஒரு வருஷம் வசந்தம் வரவே இல்லை. மே பாதி வரைக்கும் காலையில் கார்க் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருந்தது. பிறகு பந்தய வாரத்தில், யாரோ அடுப்பைத் திறந்துவிட்டதுபோல வெயில் வந்து இறங்கியது. ஊர் கொண்டாடியது. ஹெல்யா கணினிமுன் உட்கார்ந்து கோட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். பிறகு தபானியிடம் போனாள்.

"வெயில் பெரிசில்ல தபானி. இந்தச் சூட்டுல முன்னாடியும் ஓடியிருக்காங்க. ஆனா அந்த வருஷமெல்லாம் அதுக்கு முந்தின வாரங்களும் சூடா இருந்துச்சு, உடம்பு பழகியிருந்துச்சு. இப்ப போன வாரம் வரைக்கும் கையுறை போட்டுக்கிட்டுத் திரிஞ்சோம். திடீர்னு ஏறுற சூடுதான் ஆளைத் தள்ளுது."

"என்ன செய்யணும்ங்கற?"

"மத்தியானம் ரெண்டு மணிக்குப் பதிலா காலைல எட்டு மணிக்கு ஓட விடு."

தபானி நாற்காலியில் சாய்ந்தார். "பாதிப் பேர் அன்னிக்குக் காலை ரயில்லதான் வந்து இறங்கறாங்க. ரோட்டை மூடறதுக்கு மத்தியானத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கு. தண்ணி குடுக்கறவங்க, பஸ்சு, போலீசு, எல்லாமே மத்தியானம். மூணு நாள்ல எதை மாத்தறது?" பிறகு கேட்டார்: "யாராவது செத்துப்போவாங்கன்னு சொல்றியா?"

"சாகலாம்னு சொல்றேன். பாதிக்குப் பாதி."

"காசைச் சுண்டிப் போட்ட மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

தபானி கெட்ட மனிதர் இல்லை. முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டு, போனை எடுத்தார். தண்ணீர் இரட்டிப்பானது. வழியெங்கும் தீயணைப்பு வண்டிகள் ஓடுகிறவர்கள்மேல் நீர் தெளிக்க ஏற்பாடானது. ஹெல்யா விரல் வைத்துக் காட்டிய இடத்தில், பாலத்தைத் தாண்டியதும், புதிதாக ஒரு கூடாரமும் ஒரு வண்டியும் நின்றன. மூன்று நாளில் ஒரு மனிதர் செய்யக்கூடியதை எல்லாம் அவர் செய்தார்.

அன்று மாலை ஹெல்யாவே தம்பிக்குப் போன் போட்டாள்.

"இந்த வருஷம் நீ ஓடாதே."

"இது எல்லாருக்கும் சொன்னதா, எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்."

"அப்ப இது கணக்கு இல்ல. அக்கா பேசறா." அவன் சிரித்தான். "மெதுவா ஓடறேன், சரியா? மேடு வந்தா நடக்கறேன். வருஷத்துல ஒரே ஒரு நாள், என் தண்டவாளத்துமேல நானே ஓடற நாளு. அதையும் புடுங்காதே."

அவளும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஓடுகிற பல ஆயிரம் பேரில் ஒருவனுக்கு ஆகிற வாய்ப்பு எவ்வளவு சின்னது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

பந்தயத்தன்று மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மேசைகள் போட்டு, அங்கிருந்துதான் எல்லாவற்றையும் நடத்தினார்கள். ஹெல்யாவின் திரையில் அவள் முன்கூட்டியே இழுத்து வைத்த சாம்பல் நிறக் கோடு. கூடாரங்களிலிருந்து எண்ணிக்கை வர வர, அதன்மேல் சிவப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ரீத்வா காபியும் கையுமாக நின்றாள்.

"ஒட்டிக்கிட்டுப் போகுது பாரு," என்றாள். "உன் கோட்டைப் பார்த்துட்டு வந்து விழற மாதிரி."

மூன்றரை வாக்கில் வயர்லெஸ் கரகரத்தது. பாலத்தைத் தாண்டி ஒரு ஆண், ஐம்பது வயதிருக்கும், விழுந்துவிட்டார், மூச்சில்லை. அங்கே நின்றிருந்த வண்டியிலிருந்து ஆட்கள் ஓடிய சத்தம்கூடக் கேட்டது. நெஞ்சில் மின்கருவி வைத்தார்கள். எங்கும் தாமதமில்லை. ஹெல்யா திரையில் பாலத்துக்கான கட்டத்தில் ஒன்று என்று தட்டினாள். தட்டும்போது அவளுக்குள் ஏதோ சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது, கதவு சாத்திக்கொண்டதுபோல. அதைப் பற்றிப் பல வருஷங்களுக்குப் பிறகு ரீத்வாவிடம் மட்டும்தான் அவள் சொன்னாள்.

வயர்லெஸில் ஓட்டக்காரரின் சட்டை எண்ணைப் படித்தார்கள். ரீத்வா அதைத் தன் கணினியில் தட்டினாள். பிறகு திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஹெல்யா, கொஞ்சம் வெளிய வா."

"இப்ப எப்படி? கடைசி ஒரு மணி நேரந்தான் ஜாஸ்தியா விழுவாங்க."

"ஹெல்யா. எழுந்திரு. வா."

இல்போ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. இதயத்தில் யாருக்கும் தெரியாத ஒரு கோளாறு இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவன் மெதுவாகத்தான் ஓடியிருந்தான். மேட்டில் நடந்தானாம். கூட ஓடிவந்தவர் சொன்னார்.

சவ அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டிராம் ஓட்டுநர்கள் சீருடையில் வந்திருந்தார்கள். பத்திரிகையில் வந்த செய்தியை எல்லோருமே படித்திருந்தார்கள். முன்னேற்பாடுகள் குறையில்லாமல் இருந்தன, விழக்கூடியவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மிகச் சரியாகக் கணிக்கப்பட்டிருந்தது என்று போட்டிருந்தார்கள். பாராட்டாகத்தான் எழுதியிருந்தார்கள்.

மார்கெத்தா காபிக் கோப்பையை வைத்துவிட்டு ஹெல்யாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியும்."

"யாரோ ஒருத்தருக்கு ஆகலாம்னு தெரியும். யாருக்குன்னு தெரியாது மார்கெத்தா. அது யாருக்குமே தெரியாது."

"யாரோ ஒருத்தர்னா யாரு? அப்படி ஒரு ஆள் எங்கயாவது இருக்கானா? எல்லாரும் யாரோட வீட்டுக்காவது போகவேண்டிய ஆளுங்கதானே?"

ஹெல்யா சொன்னாள்: "நான் அவன்கிட்ட ஓடாதேன்னு சொன்னேன்."

மார்கெத்தாவின் முகம் மாறியது. அவளுக்கு அது தெரியாது.

"அவன்கிட்ட சொன்னியா?" என்றாள். "அவன் என்னிக்கு யார் பேச்சைக் கேட்டான்? என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் ஷூவை எடுத்து ஒளிச்சு வச்சிருப்பேனே."

 மார்கெத்தாவிடம் சொல்லலாம் என்று ஹெல்யாவுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கோடைக்குப் பிறகு சனிக்கிழமை சௌனா நின்றுபோனது. அவள் போனும் போட்டுப் பார்த்தாள். மார்கெத்தா எடுத்து, மரியாதையாக, வேலை இருக்கிறது என்பாள்.

இலையுதிர் காலத்தில் அடுத்த ஓட்டத்துக்கான வேலை தொடங்கியது. இந்தத் தடவை வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றார் தபானி. அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ரீத்வா தனியாக வந்து, "அந்த வருஷத்தைக் கணக்குலேர்ந்து எடுத்துடேன். அப்படி ஒரு வசந்தம் இனிமே வரப் போறதில்ல. விதிவிலக்குன்னு ஒதுக்கிடு, யாரும் கேட்க மாட்டாங்க," என்றாள். அக்கறையில் சொன்னது.

ஒரு மத்தியானம் ஹெல்யா அந்த வருஷத்தை நீக்கிப் பார்த்தாள். கோடு சாதுவாகிவிட்டது. எந்த வருஷமும் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாததுபோல, சின்னச் சின்ன மேடு பள்ளத்தோடு போய் முடிந்தது. அந்தக் கோட்டை நம்பினால், திரும்ப அப்படி ஒரு வெயில் வரும்போது பாலத்துப் பக்கம் வண்டியே நிற்காது. அவள் அந்த வருஷத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள். வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்த முறை தபானிக்கு அவகாசம் இருந்தது. ரோடு, ரயில், போலீஸ் எல்லோரிடமும் பேசி, ஓட்டத்தைக் காலை எட்டு மணிக்கு மாற்றினார். அதற்கு மூன்றாம் வருஷம், சொல்லிவைத்ததுபோல அதே குளிர், அதே திடீர் வெயில். ஒருவரும் சாகவில்லை. தபானி கூடத்துக்குள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். "ஒரு உசிரைக் காப்பாத்திட்டோம் ஹெல்யா!" அவர் தோளுக்கு மேலாக அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். அதில் யார் அந்த ஆள் என்று அவளால் சொல்ல முடியாது. அந்த ஆளுக்கும் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊரே கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும். ஹெல்யா எப்போதும் சீக்கிரமே போய்விடுவாள், மார்கெத்தாவைச் சந்திக்காமலிருக்க. அந்த வருஷம் பஸ் தாமதமாகிவிட்டது. போனபோது மார்கெத்தா மண்டியிட்டுக் கல்லின்மேல் இருந்த பனியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போக முடியாது. ஹெல்யாவும் பக்கத்தில் மண்டியிட்டுத் தன் மெழுகுவர்த்தியை எடுத்தாள்.

மார்கெத்தா கல்லின் ஓரத்துப் பனியையும் தள்ளி முடித்தாள்.

"இப்பல்லாம் காலைல எட்டு மணிக்கு ஓட விடறாங்களாமே," என்றாள் மார்கெத்தா.

"ஆமா."

"அது அப்பவே இருந்திருந்தா அவன் பேரே குடுத்திருக்க மாட்டான். எட்டு மணிக்கு அவனை எழுப்பறதுன்னா, கட்டிலைத்தான் கவுக்கணும்."

ஹெல்யாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. மார்கெத்தா அவளைத் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. காற்றில் ஹெல்யாவின் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மார்கெத்தா எரிந்துகொண்டிருந்த தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்து ஹெல்யாவுடையதை ஏற்றிக் கொடுத்தாள். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "பண்டிகை நல்லபடியா போகட்டும், ஹெல்யா," என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் நடந்தாள். ஹெல்யா அடுத்த பஸ்ஸுக்குப் போனாள்.