ஞானஸ்நானத் தொட்டிக்கு நான் போட்ட பூட்டு

மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். ஒற்றை அரத்தோடு ஆரம்பித்துத் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்தேன். மாடி வீடு கட்டினேன். வெறும் பாறை என்று எல்லோரும் சிரித்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை. இதையெல்லாம் நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும். ஊர் சொல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. வேடசந்தூர் போகிற வழியில் ஒரு கிராமத்து மாதா கோயில். அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற கல்தொட்டியில் வௌவால் எச்சம் விழுகிறது, மரத்தில் ஒரு மூடி வேண்டும் என்று சாமியார் சொல்லி அனுப்பினார். மரவேலையும் எனக்குக் கைவரும். ஆனால் நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன், தொட்டியின் சங்கதி என்ன தெரியும்?

மாதிரிக்கு ஒரு படம் காட்டினார். இங்கிலாந்தில் ஏதோ கிராமக் கோயிலாம், பல நூறு வருஷத்துத் தொட்டியாம். அதன்மேல் கோபுரம் மாதிரி மூடி. அந்தக் காலத்தில் செய்வினைக்காகத் தீர்த்தத்தைத் திருடுவார்கள் என்று மூடியைப் பூட்டியே வைப்பார்களாம். அவர் கதையாகத்தான் சொன்னார். என் காதில் பூட்டு என்ற வார்த்தை மட்டும் விழுந்தது.

"பூட்டெல்லாம் எதுக்கப்பா? நம்மூர்ல யாரு எடுக்கப் போறா?"

"சும்மா இருங்க சாமி. நான் செஞ்ச மூடி பூட்டில்லாமக் கெடந்தா ஊரே சிரிக்கும்."

கோபுரம் போலவே மூடி செய்தேன். பூட்டில் ஒரு சூட்சுமமும் வைத்தேன். சாவியை முதலில் இடப்பக்கம் திருப்பி, அப்புறம்தான் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அதை யாருக்கும் சொல்லவில்லை. திறக்க முடியாமல் என்னைத் தேடி வந்தால்தானே எனக்குப் பெருமை?

மறு ஞாயிறு, நாலு பேர் மூடியை மெச்சுவதைக் கேட்கவென்றே போயிருந்தேன். மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. குறைமாதக் குழந்தை, அதன் பெரியம்மா கையில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உயிர் இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமாம். சாமியாருக்கு ஒத்தாசையாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் ஓடிப்போய்ச் சாவியைப் போட்டுத் திருகினார். திறக்கவில்லை. நான் தூணோரம் நின்று சிரித்தேன். செத்த நேரம் திணறட்டும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் குழந்தையைப் பார்க்கவே இல்லை, பூட்டைத்தான் பார்த்தேன்.

பதற்றத்தில் அவர் முறுக்கிய முறுக்கில் சாவியின் பல் வளைந்துவிட்டது. அப்புறம்தான் நான் போனேன்.

"தள்ளுங்க அப்பு, இது கை தெரிஞ்சவன் வேலை."

எனக்கும் திறக்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. அந்தப் பெரியம்மா என்னையே பார்த்தாள்.

"ஏய்யா, மோட்சத்துக்குமா பூட்டுப் போட்டு வச்சிருக்க?"

சாமியார் என் தோளைத் தொட்டு விலக்கினார். "விடப்பா. அவசரத்துக்கு எந்தத் தண்ணியும் ஆகும்." வாசலில் இருந்த குடிதண்ணீர்ப் பானையில் ஒரு செம்பு மொண்டு, நின்ற இடத்திலேயே குழந்தையின் தலையில் ஊற்றிப் பெயர் வைத்தார். அந்தப் பானைக்கு மூடி ஒரு ஈயத் தட்டு.

வண்டி ஊர் போய்ச் சேருவதற்குள் குழந்தை அடங்கிவிட்டதாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

பூட்டை நானே போய்க் கழற்றினேன். ஆணி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அடைக்கப் போனபோது, "இருக்கட்டும்" என்றார் சாமியார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அந்தக் கோயிலுக்கு விழா மலர் போடுகிறார்களாம். மூடி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம், ஓட்டை பூச்சி அரித்ததாம். யாரைக் கேட்டு எழுதினார்கள்? பட்டறையில் இன்றும் ஒரு பூட்டு 'டக்'கென்று விழுந்தால், எனக்கு அந்த இழுத்த மூச்சுத்தான் கேட்கிறது. மூடிக்கு என் பெயரைப் போட்டாலும் சரி, விட்டாலும் சரி. அந்த இரண்டு ஓட்டைக்குப் போட்டே ஆக வேண்டும்.